எள்ளுக் கண் வெச்ச சோறு: முன்பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி

2025 மார்ச் 4 (கேள்வி: ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி)

மகனுக்கு மூணரை வயசு. இந்த வருஷம்தான் முன்பள்ளியில சேர்த்தன். குடுத்து விடுற சாப்பாட்டில பாதிக்கு மேல திரும்பி வருது. ஜப்பான்ல பெட்டிக்குள்ள சோத்தில கரடி, முயல் எல்லாம் செஞ்சு குடுக்கிறாங்களே, பென்டோ எண்டு, அதைப் பார்த்து நானும் மூணு நாள் முயற்சி பண்ணினன். நம்மட சோறு ஒட்டவே இல்ல. பெட்டியைத் திறக்க முதலே கரடியின்ட காது உதிர்ந்து கிடந்ததாம். இது நம்ம அரிசிக்கும் நம்ம வெயிலுக்கும் சரிவராத வேலை எண்டுதான் நான் நினைக்கிறன். மட்டக்களப்புப் பக்கம் ஆராவது உண்மையாவே செஞ்சு, பிள்ளை சாப்பிட்டதையும் கண்டவங்க இருக்கிறீங்களா?

2025 மார்ச் 4, இரவு

இருக்கிறன். கல்லடி. மகளுக்கு நாலு வயசு முடிஞ்சிட்டு. ஒண்டரை வருஷமா கிழமையில மூணு நாளாவது செய்யிறன். சரிவரும். நீங்க கரடியில தொடங்கிட்டீங்க, அரிசியில தொடங்கியிருக்கணும்.

ஜப்பான்காரர் சமைக்கிறது குட்டை அரிசி. அதில அமைலோஸ் எண்ட மாப்பொருள் குறைவு, அதால சோறு தானா ஒட்டும். நம்மட சம்பாவும் நாடும் பெரும்பாலும் அவிச்சுக் குத்தின அரிசி, அமைலோஸும் கூட. உதிரி உதிரியா வரணும் எண்டுதான் அந்த அரிசியை நாம வாங்கிறதே. அதில காது நிக்காது. பொங்கலுக்கு வாங்குவமே வெள்ளைப் பச்சையரிசி, அதை எடுங்க. ஒரு கப்புக்கு ரெண்டரைக் கப் தண்ணி, கொஞ்சம் உப்பு. குழைய வேகவிட்டு, சூடு ஆற முதல் அகப்பையின்ட முதுகால அழுத்தி மசிச்சு, ஈரத்துணியில வெச்சு உருட்டுங்க. நிக்கும்.

இதைவிட லேசான வழியும் இருக்கு: பால்சோறு. கட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்கி, தட்டில பரப்பி ஆறவிட்டா அச்சால வெட்டலாம். பூ, நட்சத்திரம், எது வேணுமெண்டாலும்.

2025 மார்ச் 5

ஒண்டு விட்டுப்போச்சு. பென்டோ எண்டா பெட்டிச் சாப்பாடு, அவ்வளவுதான். முகம் வெச்சு உருவம் செய்யிறதுக்குப் பேர் கியாராபென். அங்கயும் எல்லாத் தாய்மாரும் தினம் கரடி செய்யிறாங்க எண்டு நினைச்சு மனம் தளராதீங்க. சாதாரணப் பெட்டிக்கு அவங்க சொல்ற கணக்கு மூணு, ஒண்டு, ரெண்டு. பெட்டியை ஆறு பங்காப் பிரிச்சா மூணு பங்கு சோறு, ஒரு பங்கு மீனோ முட்டையோ, ரெண்டு பங்கு மரக்கறி. உருவம் இல்லாட்டியும் இந்தக் கணக்கு இருந்தாக் காணும்.

பெட்டியின்ட அளவையும் பாருங்க. மூணு நாலு வயசுப் பிள்ளைக்கு 400 மில்லிலீற்றர் தாராளம். நான் முதல் வாங்கினது ஒரு லீற்றருக்குக் கிட்ட. அதில முக்கால்வாசி இடம் சும்மா கிடக்கும், ஓட்டோ குலுங்கிற குலுக்கில எல்லாம் ஒரு மூலைக்குப் போயிரும். உங்கட கரடியின்ட காது விழுந்ததுக்கு அரிசி பாதி காரணமெண்டா மீதி இதுவா இருக்கும். இடைவெளியில்லாம அடைச்சு வெக்கணும். இடம் மிஞ்சினா அவிச்ச போஞ்சியைச் செருகி விடுங்க.

2025 மார்ச் 12

பால்சோறு பற்றி எழுதினதைத் திருப்பி எடுக்கிறன். தயவுசெஞ்சு செய்யாதீங்க.

நேத்து நானே செஞ்சு குடுத்து விட்டன். காலையில ஆறரைக்கு அடைச்சது. அவ பத்து மணிக்குத் திறந்து, மணக்குது எண்டு மூடி வெச்சிட்டாவாம். வீட்ட வந்து நான் திறந்தா புளிச்ச வாடை, விரல் வெச்சா நூல் மாதிரி இழுக்குது. இதுக்கு முதல் நான் பால்சோறு குடுத்ததெல்லாம் மார்கழி, தை. மழைக் குளிரில தப்பியிருக்கு. மார்ச் வெயிலில தேங்காய்ப்பால் நிக்காது. நல்லவேளை பிள்ளைக்கு மணந்தது. மணக்காமலே கெட்டுப்போற சாப்பாடும் இருக்கு, அதுதான் எனக்குப் பயம்.

சோத்தைப் பற்றி ஒரு விஷயம் எல்லாத் தாய்மாருக்கும் தெரிஞ்சிருக்கணும். பசிலஸ் சீரியஸ் எண்டு ஒரு பக்டீரியா. அரிசியிலயே அதின்ட வித்து இருக்கும், வேகவெச்சாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில கிடக்கக் கிடக்கப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சில ஒரு வகை திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில சாப்பாடு எவ்வளவு நேரம் கிடக்குது எண்டதுதான் கணக்கு. மட்டக்களப்பில வீட்டுக்குள்ளயே 30 பாகை. அதால இப்ப நான் செய்யிறது:

சோத்தை அகலத் தட்டில பரப்பி ஃபேனுக்குக் கீழ 20 நிமிஷம். கை வெச்சா சூடு தெரியக் கூடாது. அதுக்குப் பிறகுதான் பெட்டி, அதுக்குப் பிறகுதான் மூடி. சூட்டோட மூடினா மூடியின்ட உள்பக்கம் முத்து முத்தா வேர்க்கும். அந்தத் தண்ணி சோத்தில சொட்டினா அங்கயிருந்துதான் பழுதாகத் தொடங்கும். சின்னப் போத்தலில முக்கால்வாசிக்குத் தண்ணி விட்டு இரவே ஃப்ரீசரில வெச்சு, காலையில துணியில சுத்திப் பெட்டிக்குப் பக்கத்தில வெச்சு விடுறன். பத்து மணிக்கு அது குடிக்கிற தண்ணியாவும் இருக்கும்.

பச்சைத் தேங்காய்ப்பூச் சம்பலும் வேண்டாம். மகளுக்குச் சம்பல் எண்டா உயிர், எண்டாலும் அது வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான்.

2025 மார்ச் 13

மேல கேட்டிருந்தீங்க, முட்டையை அரைவேக்காட்டில வெச்சா மஞ்சள் வடிவா இருக்குமே எண்டு. வீட்டில சாப்பிடுங்க. பெட்டிக்கு முழுசா அவிச்சதுதான். ஜப்பான்லயும் பெட்டிக்கெண்டா முட்டையை முழுசா வேக வெக்கத்தான் சொல்லுவாங்க.

2025 மார்ச் 20

கண் பற்றி எழுதுறன். எனக்கு இதில விருப்பமான பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

அவங்க கண்ணுக்கும் வாய்க்கும் நோரி எண்ட கடற்பாசித் தாளை வெட்டுவாங்க. நம்ம ஊர்க் கடையில அதை நான் காணல்ல. கொழும்பில இருந்து எடுப்பிச்சாலும் பெட்டி திறந்து ரெண்டு நாளில ஈரம் இழுத்து நமத்துப்போகும். எனக்குக் கறுப்பு எள்ளு காணும். தேங்காய் ஓலை ஈர்க்கைச் சீவி, நுனியைத் தண்ணியில தொட்டா ஒரு எள்ளு ஒட்டிக்கொண்டு வரும். அதை உருண்டையில வெச்சு மெல்ல அமத்தி ஈர்க்கை எடுத்தா எள்ளு அங்கயே நிண்டுரும். எள்ளுக்கு ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மொத்தை. ரெண்டு கூரும் மேல பார்த்தா உருண்டை முழிச்சிருக்கும். படுக்க வெச்சா நித்திரை. ஒண்டு மேல, ஒண்டு படுக்கை எண்டா கண்ணடிக்கும்.

இடம்தான் முக்கியம். நான் முதல்ல பெரியாக்களின்ட முகம் மாதிரிக் கண்ணை மேல வெச்சன். அது பொலிஸ்காரர் மாதிரி முறைச்சுப் பார்த்தது. முகத்தின்ட நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ, ஒண்டுக்கொண்டு நல்லாத் தள்ளி வெச்சா உடனே குழந்தை முகம். இதைக் கொன்றாட் லோரென்ஸ் எண்ட விலங்கியல் அறிஞர் 1943லயே எழுதியிருக்கிறார்: பெரிய நெத்தி, கீழ இறங்கின கண், கொழுத்த கன்னம், இதுகளைக் கண்டா மனுஷருக்குத் தூக்கிக் கொஞ்சத் தோணும் எண்டு. சோத்து உருண்டைக்கும் அது பொருந்துது.

வாய்க்கும் மீசைக்கும் கத்தரிக்காய்த் தோல். ஊதாக் கத்தரிக்காயின்ட தோலை மெல்லிசாச் சீவி எண்ணெயில வதக்கினா நல்ல கறுப்பு, கத்தரிக்கோலால வெட்டலாம். கன்னத்துக்குக் கரட் வட்டம். ஐசிங் போடுற நோசிலின்ட பின்பக்கத்தால அமத்தினா சின்ன வட்டமா விழும்.

2025 மார்ச் 21

அம்மா நேத்து நான் எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இது என்னகா புதினம், உருண்டைச் சோறுதானே" எண்டா. எங்களுக்குச் சின்ன வயசில சட்டியின்ட அடிச் சோத்தை மீன் குழம்பில பிசைஞ்சு, உருட்டி உருட்டி ஒவ்வொரு கையா வெச்சது அவதான். தாயின்ட வீடு மகளுக்கு எண்டது நம்மட பக்கத்து வழக்கம்தானே, நானும் அவவோடதான் இருக்கிறன். எனக்குக் கிடைச்ச பெரிய உதவி அது. அரிசி எவ்வளவு குழையணும் எண்டு ஒரு சோத்தை நசுக்கிப் பார்த்துச் சொல்லுவா.

அம்மப்பா வட்டைக்கு, வயலுக்குத்தான், போகக்குள்ள கட்டுச்சோறு கட்டின கதையும் சொன்னா. வாழையிலையைத் தணலில வாட்டினாத்தான் மடிக்கக்குள்ள கிழியாது. சோத்தை ஆறவெச்சுத்தான் கட்டுவாங்களாம், சூடாக் கட்டினா இலை வேர்த்து மத்தியானத்துக்குள்ள ஊசிப்போயிரும் எண்டு. நான் பால்சோத்தைப் பழுதாக்கிப் படிச்சதை எங்கட அம்மம்மா அடுப்படியிலயே தெரிஞ்சு வெச்சிருக்கிறா. ஜப்பான்லயும் 1885ல உட்சுனோமியா ரயில் நிலையத்தில முதல் முதல் வித்த பெட்டிச் சாப்பாடு எண்டு சொல்றது, மூங்கில் பட்டையில சுத்தின ரெண்டு சோத்து உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும்தானாம்.

இங்க 2017 செப்டெம்பரில சோறு சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்த பிறகு நான் திருப்பி வாழையிலைக்கு வந்தவள். பெட்டிக்கு அடியில வாட்டின இலைத்துண்டு ஒண்டு போட்டா சோறு ஒட்டாது, பெட்டி கழுவவும் சுகம், பச்சை நிறத்துக்கு மேல வெள்ளை உருண்டை எடுப்பா இருக்கும்.

2025 ஏப்ரல் 2

சோத்தை விடுங்க. நம்ம கையில இடியப்பம் கிடக்கு. நான் ஏன் இதை முதல்லயே எழுதல்ல எண்டு தெரியல்ல.

இடியப்பத்தைத் தட்டில பிழியாம, கழுவின ஜாம் போத்தல் மூடியில பிழிங்க. உள்ளங்கையை விடச் சின்னதா வரும். வெள்ளை மாவில பிழிஞ்சா ஆடு: நடுவில குரக்கன் மா உருண்டையைத் தட்டி முகம், ரெண்டு எள்ளு. சிவப்பரிசி மாவில பிழிஞ்சா சிங்கத்தின்ட பிடரி: நடுவில முட்டை வட்டம். மூணு இடியப்பத்தை அடுக்கிக் குழிச்சா கூடு, அதுக்குள்ள காடை முட்டை ரெண்டு. இடியப்பம் தானா ஒட்டிக்கொண்டு நிக்கும், மசிக்கத் தேவையில்ல, ஆறினாலும் சாப்பிடலாம். சொதி மட்டும் வேண்டாம், தேங்காய்ப்பால். பருப்பைக் கட்டியா வெச்சு விடுங்க.

பிட்டு உருவத்துக்குச் சரிவராது. அச்சு வெச்சா உடைஞ்சு மணலாப் போகும். குழல் பிட்டை அப்படியே துண்டு போட்டு வரிசையா அடுக்கி, முன் துண்டுக்கு மட்டும் கண் வெச்சா மயிர்க்கொட்டி. அதுக்கு மேல அதை வருத்தப்படுத்தாதீங்க. பீற்றூட் சாறு தெளிச்சுக் குழைச்ச மாவெண்டா இளஞ்சிவப்பு மயிர்க்கொட்டி. அவிக்கிற பிட்டுக்குள்ள தேங்காய்ப்பூ இருக்கெண்டு ஒருத்தர் கட்டாயம் கேட்பீங்க. அவிஞ்ச தேங்காய்ப்பூ பச்சைச் சம்பலை விடப் பரவாயில்ல, எண்டாலும் நான் பிட்டு வெக்கிற நாளில பூவைக் குறைச்சு, உறைய வெச்ச போத்தலைக் கட்டாயம் வெச்சு விடுவன்.

2025 ஏப்ரல் 6

காடை முட்டையைப் பற்றி அவசரமா ஒரு திருத்தம். முழுசா வெக்காதீங்க.

2024 பெப்ரவரியில ஜப்பான்ல புகுஒகா மாகாணத்தில, முதலாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு பாடசாலைச் சாப்பாட்டில இருந்த காடை முட்டை தொண்டையில அடைச்சு இறந்தது. ஏழு வயசு. இதை நான் போன வருஷமே வாசிச்சவள். வாசிச்சிட்டும், கூட்டுக்குள்ள முட்டை வடிவா இருக்கு எண்டு நாலு நாளுக்கு முதல் இங்க எழுதியிருக்கிறன். வடிவு கண்ணை மறைச்சிட்டு. அந்த வரியை ஆராவது பார்த்துச் செஞ்சிருந்தா எண்டு ராத்திரி நித்திரை வரல்ல.

உருண்டையா, வழுக்கலா, தொண்டைக்குழி அளவில இருக்கிற எதுவும் முழுசாப் போகக் கூடாது. காடை முட்டையை நீட்டுக்கு நாலா வெட்டணும். திராட்சை, சின்னத் தக்காளியும் அப்படித்தான். குறுக்கால ரெண்டா வெட்டினா அது இன்னும் வட்டமூடி மாதிரித்தான் இருக்கும், நீட்டுக்குத்தான் வெட்டணும். கச்சான் கொட்டை, கஜு முழுசா வேண்டாம். பெட்டியில குத்தி வெக்கிற பிளாஸ்டிக் குச்சி, டூத்பிக் எதுவும் நான் வெக்கிறதில்ல. ஈர்க்கும் என்ட கையில மட்டும்தான், பெட்டிக்குள்ள போகாது.

கூட்டுக்கு இப்ப அவிச்ச வத்தாளைக் கிழங்கை (சர்க்கரைவள்ளி) மசிச்சு முட்டை மாதிரிப் பிடிச்சு வெக்கிறன். வாயில வெச்சாக் கரையும்.

2025 மே 18

கச்சான் காத்து, கோடையில வீசுற வறண்ட சூட்டுக் காத்து, தொடங்கிட்டு. காலை எட்டு மணிக்கே அடுப்புப் பக்கத்தில நிண்ட மாதிரிக் கிடக்கு. இந்த ரெண்டு மூணு மாசமும் என்ட பெட்டியில சோறு இல்ல. ரொட்டியை வட்டமா வெட்டிப் பூனை முகம், அவிச்ச வத்தாளை, அவிச்ச பயறு, வாழைப்பழம். பயறை நல்லா வடிச்சு, ஈரம் போக உலர்த்தி வைங்க.

2025 ஜூன் 9

இதை எழுதவா வேண்டாமா எண்டு ஒரு கிழமையா யோசிச்சன்.

மகளின்ட பெட்டியை முன்பள்ளி ஆசிரியை படம் எடுத்துப் பெற்றோர் குழுவில போட்டு, எல்லாரும் இப்படி அனுப்பினா நல்லம் எண்டு எழுதிட்டா. நல்ல மனசோடதான் போட்டிருப்பா. எனக்கும் அண்டைக்குச் சந்தோஷமா இருந்தது. மறுநாள் பின்னேரம் எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு பிள்ளை, அவவும் ஒரு தாய், என்னை மறிச்சுக் கதைச்சா. காலையில அஞ்சு மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் பிடிக்கிறவ. "அக்கா, என்ட மகன் பாணும் சீனியும் கொண்டு போறவன். இப்ப பெட்டியைத் திறக்கவே மாட்டானாம். எல்லாரும் உங்கட மகளின்ட பெட்டியைச் சுத்தி நிக்கிறாங்களாம்" எண்டா. கோபமாச் சொல்லல்ல. அதுதான் கூட நொந்தது.

நான் பிள்ளை சாப்பிடணும் எண்டு செஞ்ச வேலை, இன்னொரு பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கு. ஜப்பான்லயே சில பாலர் பாடசாலைகள் கியாராபென் கொண்டு வர வேண்டாம் எண்டு கேட்டிருக்கு எண்டு வாசிக்கக்குள்ள, ஏன் இப்படிக் கடுமை எண்டு நினைச்சிருக்கிறன். இப்ப விளங்குது.

அண்டு ராத்திரியே ஆசிரியைக்குச் சொல்லிப் படத்தை எடுப்பிச்சன். அடுத்த நாள் மகளுக்கு வெறும் ரொட்டியும் முட்டையும். அவ ஏன் கண் இல்ல எண்டு கேட்டா. எனக்குப் பதில் வரல்ல.

2025 ஜூன் 11

உங்கட பிள்ளைக்குச் செய்யிறதை ஏன் மத்தவங்களுக்காக நிப்பாட்டணும் எண்டு ரெண்டு பேர் கேட்டிருக்கிறீங்க. நிப்பாட்டினன் எண்டு நான் சொல்லல்ல. பத்துப் பிள்ளை ஒரே பாயில இருந்து சாப்பிடுற இடத்தில என்ட பிள்ளையின்ட பெட்டி தனியாக் கிடக்கிற சாமான் இல்ல. கொஞ்ச நாள் விடுங்க, யோசிக்கிறன்.

2025 ஜூன் 23

ஒழுங்கைத் தங்கச்சியிட்ட ஞாயித்துக்கிழமை போனன். ஒரு சின்னப் போத்தலில கறுப்பு எள்ளும் ரெண்டு ஈர்க்கும் கொண்டு போனன். பாண் துண்டில சீனி போட முதல் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து அமத்தினா வட்டம். ஒரு துளி பட்டர், ரெண்டு எள்ளு. வெட்டின ஓரத்தை ரெண்டா முறிச்சு மேல செருகினா முயல் காது. அவவின்ட மகன் பக்கத்தில நிண்டு பார்த்திட்டு, "இது மாடு" எண்டான். மாடுதான் எண்டு விட்டிட்டம். அவன் விருப்பப்படி கொம்பு.

நேரம் பார்த்தன், ரெண்டு நிமிஷம் கூட ஆகல்ல. அஞ்சு மணி பஸ்ஸுக்கு முதல் அது ஏலும் எண்டு அவ சொன்னா.

மகளின்ட பெட்டியிலயும் இப்ப அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு முகம். மீதியெல்லாம் முகமில்லாத சாப்பாடு. ஆடு, சிங்கம், கூடு எல்லாம் சனி ஞாயிறு வீட்டில செய்வம். வித்தியாசம் எனக்கே புதினமா இருக்கு: நாலு உருவம் வெச்ச நாளில அவ பார்த்துக்கொண்டிருப்பா, கூட்டாளிமாருக்குக் காட்டுவா, மணி அடிச்சிரும், பாதி மிஞ்சும். ஒரு முகம் வெச்ச நாளில முதல் வாயிலயே அதைத் தின்னுட்டு மீதியையும் முடிச்சிருவா. இந்த இழையில நான் மார்ச்சில எழுதினதெல்லாம் அலங்காரம் கூட, அளவு குறைவு எண்டு இப்ப படுது. ஏறாவூர்த் தங்கச்சி, உங்கட மகனுக்கும் ஒரு உருண்டை மட்டும் கண் வெச்சுப் பாருங்க.

2025 ஜூலை 19

மாமாங்கக் கோயில் திருவிழா. ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும் மட்டும் வீட்டில மரக்கறிதான், முட்டையும் இல்ல. மஞ்சள் நிறத்துக்குப் பூசணி. அவிச்சு மசிச்சு, தண்ணி வத்தும் மட்டும் வெறும் சட்டியில கிண்டினா பிடிச்சு உருட்டலாம்.

2025 ஜூலை 27

கோயிலடிக் கடையில மகள் கேட்டா எண்டு பிளாஸ்டிக் அச்சு ஒரு தொகுதி வாங்கினன். களிமண் விளையாடுற சாமான், சாப்பாட்டுக்கெண்டு செஞ்சதில்ல. எனக்கும் அது தெரியும். ஒரு தரம் கரட் வெட்டிப் பார்ப்பம் எண்டு வெட்டினன். நட்சத்திரத்தின்ட ஒரு முனை உடைஞ்சு போச்சு. துண்டைத் தேடி அடுப்படி முழுக்கப் பார்த்து, வெட்டின கரட் முழுக்கக் கொட்டினன். துண்டு கடைசி வரைக்கும் கிடைக்கல்ல. துருப்பிடிக்காத இரும்பு அச்சு ஒண்டு காணும், இல்லாட்டித் தேநீர்க் கோப்பையும் நோசிலும் காணும். அந்தத் தொகுதி இப்ப களிமண்ணுக்குத்தான்.

2025 ஓகஸ்ட் 30

இதய வடிவ முட்டை எப்படி எண்டு கேட்டவவுக்கு. அவிச்ச முட்டையைச் சூட்டோட கோதுங்க, ஆறினா வளையாது. பால் பெட்டி மட்டையைக் கழுவி, நீட்டா வெட்டி, நடுவில மடிச்சு ஒரு வாய்க்கால் மாதிரி ஆக்குங்க. முட்டையை அதுக்குள்ள படுக்க வெச்சு, மேல நீட்டுக்கு மரக்கரண்டிக் காம்பை வெச்சு, ரெண்டு நுனியிலயும் ரப்பர் பட்டி. பத்து நிமிஷம் தண்ணியில ஆறட்டும். குறுக்கால வெட்டினா ரெண்டு இதயம். காம்பை நடுவில சரியா வைங்க, சரிஞ்சா ஒரு கன்னம் வீங்கின இதயம் வரும். எங்கட வீட்டில அதுக்குத்தான் போட்டி.

2025 செப்டெம்பர் 14

வீட்டில இண்டைக்குப் பாடும் மீன் செஞ்சம். எழுதாம இருக்க ஏலல்ல.

வேலியில படர்ந்த நீலச் சங்குப்பூ எட்டு, காம்பும் பச்சைப் பகுதியும் கிள்ளிட்டு, அரைக் கப் கொதிநீரில பத்து நிமிஷம். கடும் நீலமா இறங்கும். அந்தத் தண்ணியில பச்சையரிசியை வேகவெச்சா வாவி விடியக்காலம் இருக்கிற நிறம். ஒரு பிடியில ரெண்டு துளி தேசிக்காய் விட்டா கண் முன்னால ஊதாவாகும். அந்தப் பூவின்ட நிறப்பொருள் புளிப்புப் பட்டா மாறும், அதால ஊறுகாயைப் பக்கத்தில வெச்சிராதீங்க, மீனின்ட வால் மட்டும் தனி நிறமாப் போகும்.

நீலம் வாவி, ஊதா மீன். தேக்கரண்டியின்ட விளிம்பால மெல்ல அமத்தி அமத்திச் செதில். வாலுக்குக் கரட் சீவல். வாய் திறந்திருக்கணும், பாடுற மீன்தானே. கத்தரித் தோலை வளையமா வெட்டி வாய் வெச்சன். நிலவு வேணும் எண்டா மகள். பௌர்ணமி இரவில கல்லடிப் பாலத்தடியில மீன் பாடுறது கேட்கும் எண்டு அம்மம்மா சொல்லிக் குடுத்திருக்கிறா. ரொட்டியில ஒரு வட்டம் வெட்டி நிலவு வெச்சம்.

கண் வெக்கிற வேலையை அவவிட்ட குடுத்தன். ஈர்க்கின்ட நுனியில எள்ளு வந்ததும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு, நாக்கு வெளிய நீட்டிக்கொண்டு வெச்சா. வால் பக்கத்தில வெச்சிட்டா. திருத்துவமா எண்டு கேட்டன். "வேணாம், அது பின்னுக்குப் பார்த்துப் பாடுது" எண்டு சொல்லி வாலில இருந்து தின்னத் தொடங்கினா.

2025 செப்டெம்பர் 21

ஏறாவூர்த் தங்கச்சி எழுதியிருக்கிறா, மகன் மூணு நாளாப் பெட்டியை வெறுமையாக் கொண்டு வாறானாம். இடியப்ப ஆடு. கண் மட்டும் அவன் தின்ன மாட்டானாம், எடுத்து மூடியில ஒட்டி வெக்கிறானாம். பரவாயில்ல, எள்ளுத்தானே. மூடியைக் கழுவக்குள்ள ரப்பர் வளையத்தைக் கழட்டிக் கழுவுங்க, எள்ளு அதுக்குள்ள போய் நிக்கும்.

2025 செப்டெம்பர் 22

சங்குப்பூ எட்டு எண்டு நான் எழுதினது பச்சைப் பூ. கடையில காய்ஞ்ச பூ வாங்குறவங்களுக்கு அந்த எண்ணிக்கை சரிவராமப் போகலாம். முதல்ல நாலு போட்டு நிறத்தைப் பார்த்துக் கூட்டுங்க.